எட்டாத காந்தாரம்

பெருவிரலின் நுனியிலிருந்து சுண்டுவிரலின் நுனிவரை, கையை இயன்றமட்டும் விரித்துப் பிடித்தால் கிடைக்கிற நீளத்துக்குச் சாண் என்று பெயர் என்பதையும், அப்படி இரண்டு சாண் கொண்டது ஒரு முழம் என்பதையும் நாம் எந்தப் பாடபுத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்குத் தச்சர் வந்து பலகைக்கு அளவு பார்த்தபோதும், வாசலில் பூக்காரி கூடையை இறக்கிவைத்து முழம் போட்டபோதும் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டோம். அவளுடைய முழம் குட்டை என்று வாங்குகிறவர்கள் முணுமுணுப்பதும், “ஆண்டவன் கொடுத்த கை இவ்வளவுதானம்மா” என்று அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் இன்றைக்கும் ஓயாத வழக்கு. மனித சரீரம் எண்சாண் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தபோது, யாருடைய கையால் எண்சாண் என்று எவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவரவர் உடம்பு அவரவர் கையால் எண்சாண் என்பதும், ஆறடி ஆணுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் கணக்கு ஒன்றே என்பதும் சொல்லாமலே விளங்கிய சங்கதிகள்.

இந்தச் சாண் கணக்கை இப்போது நான் எடுத்ததற்குக் காரணம், பியானோ என்னும் வாத்தியம். சுமார் 1700ஆம் ஆண்டில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து அரண்மனையில் வேலைபார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்டோபரி என்ற கைவினைஞர் உண்டாக்கி, பிறகு இருநூறு ஆண்டுகளில் வளர்ந்து பருத்து இன்றைய ரூபத்தை அடைந்த அந்த வாத்தியத்தில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் இருக்கின்றன. ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் ஏறக்குறைய 23½ மில்லிமீட்டர். ஷட்ஜம் தொடங்கி நிஷாதம் முடிய ஏழு வெள்ளைக் கட்டைகள் கொண்ட ஒரு ஸ்தாயியின் அகலம் 16½ சென்டிமீட்டர், அதாவது ஆறரை அங்குலம். நியூயார்க்கில் செய்தாலும், ஹாம்பர்க்கில் செய்தாலும், ஜப்பானில் செய்தாலும் இதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காண்பது அரிது. அதன் முன்னால் வந்து உட்காருகிறவர் ஆஜானுபாகுவாக இருந்தாலும், பத்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் கட்டை குறுகுவதும் இல்லை, விரிவதும் இல்லை.

கையின் அகலம் எதற்காக இவ்வளவு பெரிய விஷயமாக வேண்டும் என்று நம் சங்கீதத்தில் ஊறிய ஒருவர் கேட்பாரானால் அது நியாயமான கேள்வியே. நமது ராகம் ஒற்றை இழையாக ஓடுவது. ஒரு ஸ்வரம் இன்னொரு ஸ்வரத்துக்குள் வழுக்கி, அசைந்து, கமகமாகக் குழைவதில் அதன் ஜீவன் இருக்கிறது. வீணை வித்வானின் இடக்கை மெட்டுகளின்மேல் மேலும் கீழுமாகப் பயணம் செய்கிறதேயன்றி, ஷட்ஜத்தில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு மேல் காந்தாரத்தில் இன்னொரு விரலை வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அதற்கு இல்லை. பியானோவின் சங்கீதமோ பல ஸ்வரங்களை ஒரே கணத்தில் எழுப்பி, அவை கூடி ஒலிக்கும் நாதத்தில் அர்த்தம் காண்பது. கார்டு என்று அவர்கள் சொல்கிற அந்த ஸ்வரக்கூட்டில் அடியில் ஒரு கனத்த ஸ்வரமும், நடுவில் இரண்டு மூன்றும், உச்சியில் பாட்டின் ஸ்வரமுமாக ஒரு கைக்கே நான்கைந்து வேலைகள் வந்துவிடுகின்றன. ஆகவே கை எவ்வளவு தூரம் விரியும் என்பது அங்கே சங்கீதத்தின் அஸ்திவாரத்தையே தொடுகிற கேள்வியாகிறது.

கட்டையின் நடுவிலிருந்து நடுவுக்குக் கணக்கிட்டால், ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் 16½ சென்டிமீட்டர். மேல் ரிஷபம் ஏறக்குறைய 19. மேல் காந்தாரம் 21. மேல் பஞ்சமம் ஏறக்குறைய 26. கட்டையின் உள்விளிம்பைத் தொட்டாலும் போதும் என்பதால் இந்தத் தூரங்களில் ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரையோ கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் எட்டிப்பிடிப்பது ஒன்று, வாசிப்பது வேறு. சாண் முழுவதையும் செலவழித்து ஒரு கட்டையைத் தொடுகிறவன், அதைப் பலமாகவும் மெதுவாகவும் வேண்டியபடி அழுத்துவதற்கும், நடுவிரல்களால் உள்ளே இருக்கிற ஸ்வரங்களைப் பிசகாமல் பிடிப்பதற்கும், அடுத்த நொடியில் அதே அகலத்தில் வேறிடத்துக்குத் தாவுவதற்கும் கையில் மிச்சம் ஏதும் இல்லாதவனாகிறான். மொட்டைமாடிக் கொடியில் கால்விரல் நுனியில் நின்று துணி உலர்த்துகிறவளுக்கு, அந்தத் துணியின் சுருக்கத்தையும் நீவிவிடச் சொன்னால் எப்படி இருக்கும்?

விரல் நீளமாக இருந்தால் கை விரியும் என்று எண்ணுவது பொதுவான பிழை. நீளம் ஓரளவுக்குத்தான் உதவும். பெருவிரல் மணிக்கட்டின் அருகே சேணம்போல அமைந்த மூட்டிலிருந்து எவ்வளவு விலகும், அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோலும் தசையும் எவ்வளவு நெகிழும், சுண்டுவிரல் எவ்வளவு சாயும் என்பனவே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நீண்ட மெல்லிய விரல்களை உடைய ஒருவர் மேல் ஷட்ஜத்தோடு நின்றுவிடுவதும், குட்டையாகத் தோன்றும் கையொன்று மேல் காந்தாரத்தைச் சிரமமின்றித் தொடுவதும் உண்டு. சிறுவயது முதல் சாதகம் செய்தால் மூட்டுகள் சற்று இளகும், எலும்பு நீளாது. அளவுக்கு மேல் விரித்த கையில் விரல்கள் வளைவை இழந்து தட்டையாகப் படுத்துவிடுகின்றன, மணிக்கட்டு இறுகுகிறது, முன்கைத் தசைநார்கள் முறுக்கிய கயிறுபோல் ஆகின்றன. அந்த நிலையில் மணிக்கணக்காகச் சாதகம் செய்கிறவர்களுக்கு வலி வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெரிய கை என்றவுடன் பியானோ உலகத்தில் எல்லோருடைய நாவிலும் வருகிற பெயர் செர்கை ராக்மனினோவ். 1873இல் ருஷியாவில் பிறந்து, புரட்சிக்குப் பிறகு தாய்நாட்டை விட்டு வெளியேறி, 1943இல் அமெரிக்காவில் காலமான இந்த மேதை ஏறக்குறைய ஆறரை அடி உயரம் என்பார்கள். முகத்தில் சிரிப்பு அபூர்வம். அவர் இடக்கையை விரித்து ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கும் மேலே பஞ்சமம் ஆகிய ஐந்தையும் ஒன்றாகப் பிடிப்பார் என்று சிரில் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பியானோ வித்வான் சொல்லியிருக்கிறார். பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட தூரம் அது. (இந்த ஸ்மித் 1956இல் சோவியத் நாட்டில் சங்கீத யாத்திரை செய்தபோது பக்கவாதத்தால் இடக்கை செயலற்றுப்போய், அதன்பிறகு தம் மனைவியோடு மூன்றே கைகளால் இருவருமாக வாசித்துப் புகழ்பெற்றார் என்பது தனிக் கதை.) 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு குறிப்பு, ராக்மனினோவின் நீண்ட அவயவங்களையும் இளகிய மூட்டுகளையும் வைத்து, அவருக்கு மார்பன் நோய்க்குறி என்ற பிறவிக்கோளாறு இருந்திருக்கலாம் என்று ஊகித்தது. நாற்பது வருஷத்துக்கு முன் இறந்தவருக்கு நாடி பார்க்கிற வைத்தியத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உயரமான மனிதருக்குப் பெரிய கை இருப்பதற்கு நோய் வேண்டும் என்பதும் இல்லை.

1901இல் மாஸ்கோவில் அரங்கேறிய அவருடைய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின், அதாவது வாத்தியக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய கிருதியின், ஆரம்பம் உலகப் பிரசித்தம். வாத்தியக்குழு மௌனமாக இருக்க, பியானோ மாத்திரம் தொலைவில் மாதாகோயில் மணி அடிப்பதுபோல் மெதுவாகத் தொடங்கி, ஸ்வரக்கூட்டின் மேல் ஸ்வரக்கூட்டாக அடுக்கி, எட்டே ஆவர்த்தங்களில் பேரொலியாக வளருகிறது. இடக்கைக்கு அங்கே எழுதியிருக்கிற கூட்டுகள் மேல் காந்தாரத்தின் அகலம் கொண்டவை. எழுதியவருக்கு அது சாதாரணமாகக் கையை வைத்த அகலம். வாசிக்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு அது எட்டாத தூரம். ஆகையால் அடி ஸ்வரத்தை ஒரு கணம் முந்தித் தட்டிவிட்டு மற்றவற்றை அதன் பின்னால் சரிய விடுகிறார்கள். நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் இந்த முதல் நிமிஷத்தைக் கேட்டாலே, திரைக்குப் பின்னால் இருப்பவரின் சாண் எவ்வளவு என்று ஒருவாறு ஊகித்துவிடலாம்.

அவருடைய மூன்றாவது கான்செர்ட்டோவின் கதை இன்னும் ருசிகரமானது. 1909 நவம்பரில் நியூயார்க்கில் ராக்மனினோவ் தாமே வாசித்து அரங்கேற்றிய அந்தப் பெரிய கிருதியை அவர் சமர்ப்பணம் செய்தது ஜோசப் ஹாப்மன் என்ற போலந்து நாட்டு வித்வானுக்கு. பதினொரு வயதிலேயே அமெரிக்காவை வலம்வந்த பாலமேதை. பின்னாளில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் சங்கீதக் கல்லூரிக்குத் தலைவர். சங்கீதம் போக மிச்ச நேரத்தில் எழுபதுக்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்ற யந்திரப் பித்தர். ராக்மனினோவே தமக்கு மேலாக மதித்த அந்த ஹாப்மன், தமக்குச் சமர்ப்பிக்கப்பட்ட கான்செர்ட்டோவை ஒருமுறைகூடச் சபையில் வாசிக்கவில்லை. தமக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய கை சிறியது. காரணம் முழுவதும் கைதான் என்று சாதிக்க நான் துணியமாட்டேன். ரசனை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பியானோ செய்கிற ஸ்டைன்வே கம்பெனியார் அவருக்காகக் கட்டைகளைச் சற்றே குறுக்கிப் பியானோக்கள் செய்துகொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தூரத்தில் உட்கார்ந்த ரசிகர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பெனியே வாயிற்படியில் நின்று காரியம் செய்துகொடுக்கிற அளவுக்குப் பெயர்பெற்ற ஒருவருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, அவரைக் காட்டிலும் சிறிய கையோடு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாதகம் செய்துகொண்டிருந்த ஆயிரமாயிரம் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹாப்மனுடைய குரு ஆன்டன் ரூபின்ஸ்டைன். அவருடைய கை பெரியது மட்டுமல்ல, விரல் நுனிகள் தடித்தவை. ஆவேசம் மிகுந்த வேளையில் அவர் வாரியிறைத்த தவறான ஸ்வரங்களும் அவருடைய மேதையைப்போலவே பிரசித்தி பெற்றிருந்தன. கறுப்புக் கட்டைகளுக்கு இடையில் இருக்கிற சந்தில் மெல்லிய விரல் நுழைந்து வெளிவரும். தடித்த விரல் சிக்கும், அல்லது பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அழுத்தும். நெருக்கமான ஸ்வரங்கள் வேகமாக ஓடும் இடங்களில் பெரிய கையை மடக்கி ஒடுக்கி வைத்துக்கொள்வதே ஒரு பிரயாசை.

சிறிய கைக்காரர்களுக்கு ஆறுதலாகச் சொல்லத்தக்க பெயர் பிரெடரிக் ஷோபான். 1849இல் பாரிஸில் அவர் இறந்தபோது கிளெசிங்கர் என்ற சிற்பி அவருடைய முகத்தை மட்டுமன்றிக் கையையும் அச்செடுத்து வைத்தார்; மெலிந்த, பெண்மை வாய்ந்த, பெரிதென்று சொல்லமுடியாத கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் 1833இல் வெளியிட்ட பயிற்சித் தொகுதியில் முதலாவதாக வைத்தது எதை? வலக்கை மேல் காந்தாரத்தின் அகலத்தில் ஸ்வரக்கூட்டுகளை உதிர்த்து உதிர்த்து, கட்டை வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறி இறங்குகிற பயிற்சியை! பார்த்தவுடன் இது ராட்சசக் கைக்கு எழுதியது என்று தோன்றும். கையை விரித்து வைத்துக்கொண்டே வாசிக்க முயல்கிறவனுக்கு இரண்டாவது பக்கத்துக்குள் முன்கை மரத்துப்போகும். அதன் சூட்சுமம் கையை விரிக்காமலிருப்பதில் இருக்கிறது: ஒரு விரல் தன் ஸ்வரத்தைத் தொட்ட மாத்திரத்தில் அதை விட்டுவிட, மணிக்கட்டு பக்கவாட்டில் நழுவி அடுத்த விரலை அதன் இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது, நான்கு ஸ்வரங்களும் ஒருபோதும் ஒரே சமயத்தில் கைக்குள் இருப்பதில்லை. எட்டவேண்டிய தூரத்தைப் போகவேண்டிய தூரமாக மாற்றிவிட்டார் ஷோபான். தம் சிஷ்யர்களுக்கும் அவர் வெறும் வெள்ளைக் கட்டைகளில் முதற்பாடம் தொடங்கவில்லை. நீண்ட நடுவிரல்கள் மூன்றும் உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளிலும் இயல்பாக அமருகிற ஒரு நிலையை முதலில் காட்டினார். வாத்தியத்தைக் கையின் வடிவத்தின் வழியாகப் பார்த்த குரு அவர்.

கை எட்டாத இடத்தில் வித்வான்கள் கையாளுகிற உபாயங்கள் சில உண்டு. கூட்டின் ஸ்வரங்களை அடியிலிருந்து மேலாக, யாழின் நரம்புகளை வருடுவதுபோல், மின்னல் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவது ஒன்று. எழுதியவரே விரும்பினால் கூட்டின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு நெளிகோடு போட்டு அதைக் குறிப்பார். இன்னொரு கை சும்மா இருந்தால் எட்டாத ஸ்வரத்தை அதனிடம் ஒப்படைப்பது மற்றொன்று. அடி ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் காலால் பெடலை மிதித்து அதன் நாதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, கை மேலே தாவி மிச்சத்தை வாசிப்பதும் உண்டு. கை விட்டதைக் கால் காப்பாற்றுகிறது என்று சொல்லலாம். வேறு வழியே இல்லாதபோது, இரண்டு இடத்தில் வருகிற ஒரே ஸ்வரத்தில் ஒன்றை ஓசைப்படாமல் விட்டுவிடுவார்கள். எந்த ஸ்வரத்தை விட்டால் கேட்கிறவர் காது ஏமாறாது என்று அறிவது சங்கீத ஞானத்தில் சேர்ந்தது. மொஸார்ட் ஒருமுறை இரண்டு கைகளும் இரு கோடிகளில் இருக்க, நடுவில் வருகிற ஸ்வரத்தை மூக்கால் வாசித்து ஹைடனிடம் பந்தயத்தில் ஜெயித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையென்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் இந்த உபாய சாஸ்திரத்துக்குப் பொருத்தமான புராணம்.

இந்த உபாயங்களையெல்லாம் கலையாக்கிக் காட்டியவர் பார்சலோனா நகரத்தில் 1923இல் பிறந்து 2009இல் மறைந்த அலீசியா தே லரோச்சா. ஐந்தடிகூட இல்லாத உருவம். மேடையில் அவர் நடந்துவருவதைப் பார்த்தவர்கள் இவரா அந்தப் பெரிய வாத்தியத்தை ஆளப்போகிறார் என்று ஐயுற்றிருப்பார்கள். அவருடைய கை சிறியதானாலும் சுண்டுவிரல் நீளமாகவும், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடம் நன்றாக விரியக்கூடியதாகவும் அமைந்திருந்தன. அல்பேனிஸ் எழுதிய ‘இபீரியா’ என்ற பன்னிரண்டு உருப்படிகளின் தொகுதி, இரு கைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்ளும் துர்க்கமமான வனம். அதை அவரைக் காட்டிலும் சொந்தமாக்கிக்கொண்டவர் இல்லை என்பது ரசிகர்களின் பொதுவான அபிப்பிராயம். ராக்மனினோவின் மூன்றாவது கான்செர்ட்டோவை ஹாப்மன் தொடவில்லை, அலீசியா வாசித்தார்.

இயற்கை கொடுத்த கையைப் பலவந்தமாகத் திருத்த முயன்றவர்களின் வரலாறு துயரமானது. 1814இல் டப்ளினில் வசித்த லோஜியர் என்ற ஜெர்மானியர், மாணவரின் கையைப் பித்தளைச் சட்டத்துக்குள் நிறுத்திவைக்கிற ஒரு கருவிக்கு உரிமை பெற்று, அதனால் பணமும் பெயரும் சம்பாதித்தார். ராபர்ட் ஷூமன் இருபத்திரண்டு வயது வாலிபராக, பியானோ வித்வானாவதற்கென்றே சட்டப்படிப்பை உதறிவிட்டு வந்தவர், விரலைப் பலப்படுத்த ஏதோ ஒரு பொறியை உபயோகித்தார்; 1832 வாக்கில் அவருடைய வலக்கையின் நடுவிரல் வசமிழந்தது. பொறிதான் காரணமா, நரம்பைச் சார்ந்த வேறு வியாதியா என்று வைத்தியர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். மேடை போயிற்று, நமக்கு ஒரு சாகித்யகர்த்தா கிடைத்தார். மோதிரவிரல் தனித்து உயராததற்குக் காரணம் புறங்கையில் அதன் தசைநாரை அண்டை விரல்களோடு பிணைக்கிற சிறு நார்கள். அந்த நார்களைக் கத்தியால் அறுத்துவிட்டால் விரலுக்கு விடுதலை கிடைக்கும் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் அதைச் செய்தும் காட்டினார். வாத்தியத்தில் ஒரு கட்டையைச் செதுக்குவதைவிட மனிதன் கையை அறுப்பது சுலபம் என்று அந்தக் காலத்துக்குத் தோன்றியிருக்கிறது!

மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் ராக்மனினோவோடு ஒரே சமயத்தில் படித்து, அவரோடு 1892இல் தங்கப்பதக்கம் பெற்று வெளியேறியவர் அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின். ஒரு ஸ்தாயியைத் தாண்டினால் தடுமாறுகிற கை அவருக்கு. சகமாணவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு லிஸ்ட்டின் ‘டான் ஜுவான்’ கற்பனையையும் பாலகிரெவின் ‘இஸ்லாமி’யையும் வெறியோடு சாதகம் செய்ததில், 1891இல் அவருடைய வலக்கை கெட்டது. தேறாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட, அவர் இடக்கை ஒன்றுக்கே சாதகம் செய்து, இடக்கைக்கு மட்டுமாக ஒரு பிரெலூடும் ஒரு நாக்டர்னும் எழுதினார். வலக்கை பிற்பாடு தேறியது. ஆனால் அவர் எழுதிய பியானோ உருப்படிகளில் இடக்கை, மேலும் கீழும் பறந்து தாவி எட்டாத ஸ்வரங்களை ஓடிப் பிடிக்கிற ஒரு தனி நடை நிலைத்துவிட்டது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு கைகள். அவை எழுதிய சங்கீதத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கையளவு வித்தியாசம் காகிதத்திலேயே தெரிகிறது.

ஆறரை அங்குல ஸ்தாயி ஆதிமுதல் இருந்துவந்த அளவல்ல. மொஸார்ட் வாசித்த வியன்னா நகரத்துப் பியானோ ஐந்தே ஸ்தாயிகள் கொண்ட மரச்சட்ட வாத்தியம். கட்டைகள் சற்றுக் குறுகலானவை, அழுத்தத்துக்கு இலேசானவை, ஆழம் குறைந்தவை. பேத்தோவன் தம் ‘வால்ட்ஸ்டைன்’ ஸொனாட்டாவின் முடிவில் ஒரு ஸ்தாயி அகலத்தில் கையை வைத்து அப்படியே வழித்துக்கொண்டு போகும்படி எழுதியிருப்பது அந்த இலேசான கட்டைகளை நம்பித்தான். இன்றைய கனத்த கட்டைகளில் அதைச் செய்கிறவர் விரல் தோலைப் பணயம் வைக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரங்குகள் பெரிதாயின. அவற்றை நிரப்பும் ஒலிக்காக இரும்புச் சட்டம் வந்தது, தந்திகள் தடித்தன, சுத்தியல்கள் பருத்தன, கட்டைகள் கனத்தன. ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கிறங்கவைத்த வித்வான்கள் பெரும்பாலும் ஆண்கள். நூற்றாண்டு முடிவதற்குள் தொழிற்சாலைகள் ஓர் அளவில் நின்றுவிட்டன. சதி ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய சாணுக்கு ஒத்துவந்த அளவு, அச்சில் வார்க்கப்பட்டு எல்லாருக்கும் பொதுவாயிற்று, அவ்வளவே.

அது யாருடைய சாண் என்பதை அண்மையில் அளந்தே பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் 473 பியானோ வாசிப்பவர்களின் கையை விரித்து அளந்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்களின் சராசரிச் சாண் 8.9 அங்குலம் என்றும், பெண்களுடையது 7.9 அங்குலம் என்றும் தெரியவந்தது. முழு அங்குலம் ஒன்று வித்தியாசம்; பியானோவின் கணக்கில் அது ஒரு வெள்ளைக் கட்டைக்கும் சற்று அதிகம். இந்த எண்களை நம் பெரியவர்களின் எட்டால் பெருக்கிப் பார்த்தேன்: ஆணுக்கு ஐந்தடி பதினோரு அங்குலமும், பெண்ணுக்கு ஐந்தடி மூன்று அங்குலமும் வருகிறது. பழைய வாக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை! வாத்தியத்துக்கு மட்டும் அந்த ஞானம் இல்லை. வயலின் வாசிக்க வருகிற குழந்தைக்குக் கால், அரை, முக்கால் என்று அளவுக்கு ஏற்ற வாத்தியம் கடையில் கிடைக்கிறது. வளர வளர மாற்றிக்கொள்கிறது. பியானோக் குழந்தைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கை வளரும்வரை காத்திருக்க வேண்டும். வளராமலே நின்றுவிட்டால் அது விதி.

இதைத் திருத்த எண்ணியவர்கள் இல்லாமல் போகவில்லை. 1882இல் பால் வான் யாங்கோ என்ற ஹங்கேரியர், படிக்கட்டுப்போல் ஆறு வரிசைகளாகக் கட்டைகளை அடுக்கிய ஒரு புதிய அமைப்புக்கு உரிமை பெற்றார். அதில் ஸ்தாயியின் அகலம் வெகுவாகக் குறைந்தது. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் விரல்களின் வரிசை ஒன்றே. புத்திசாலித்தனத்தில் குறையில்லை. ஆனால் பாதி வாழ்நாளைச் செலவிட்டுக் கற்ற வித்தையை மறந்துவிட்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்கப் பெரும்பாலான வித்வான்கள் சம்மதிக்கவில்லை. யாங்கோவின் பியானோக்கள் காட்சிச்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

நம் காலத்து முயற்சி அடக்கமானது, அதனாலேயே பிழைத்திருக்கிறது. கனடாவில் கிறிஸ்டோபர் டோனிசன் என்ற சிறுகைப் பியானோ வித்வான் தமக்கென்று எட்டில் ஏழு பங்கு அகலத்தில் ஒரு கட்டை வரிசை செய்துகொண்டார். பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் நெசவு சம்பந்தமான தொழில் நடத்திவந்த டேவிட் ஸ்டைன்புலர் 1990களில் அதைக் கண்டு, தாமே அத்தகைய வரிசைகளைச் செய்யத் தொடங்கினார். ஸ்தாயி ஐந்தரை அங்குலமாக ஒன்று, ஆறு அங்குலமாக ஒன்று. பெரிய பியானோவில் கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்து மேஜை இழுப்பறைபோல் வெளியே உருவி எடுக்கக்கூடியவை. அந்த இடத்தில் குறுகிய வரிசையைச் செருகிவிடலாம். விரல்படும் முன்புறத்தில் நெருங்கியிருக்கிற கட்டைகள் உள்ளே போகப்போக விசிறிபோல் விரிந்து, தந்திகளுக்கு நேரே பழைய இடத்துக்கே போய்ச் சேருகின்றன. தந்தியும் மாறவில்லை, நாதமும் மாறவில்லை. ஐந்தரை அங்குல வரிசையில் எட்டாத மேல் காந்தாரம் 18 சென்டிமீட்டரிலேயே கைக்கு வந்துவிடுகிறது. டாலஸ் நகரத்தின் சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையில் போதிக்கிற கேரல் லியோன் முதலிய ஆசிரியர்கள், தாமும் அவற்றில் வாசித்து மாணவர்களையும் வாசிக்கச் செய்துவருகிறார்கள்.

ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு. வயலின்காரர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். பியானோக்காரர் போகிற ஊரில் இருக்கிற பியானோவில்தான் வாசித்தாக வேண்டும். குறுகிய வரிசையில் பழகிய கை வெளியூர் மேடையில் திண்டாடாதா என்கிறார்கள். ஒருவகையில் நியாயமே. இரண்டு அளவுகளுக்கும் கை வெகு விரைவில் பழகிவிடுகிறது என்று பழகினவர்கள் பதில் சொல்கிறார்கள். வீணையையும் வயலினையும் மாற்றி மாற்றி வாசிக்கிறவர்களைப் பார்த்த நமக்கு அதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. உண்மையான தடை பழக்கத்தில் இல்லை, விலையிலும் கௌரவத்திலும் இருக்கிறது: குறுகிய கட்டை என்றால் குறைந்த கட்டை, குழந்தைக் கட்டை என்று ஓர் எண்ணம். சின்னக் காலுக்குச் சின்னச் செருப்புப் போடுகிறவரை யாரும் ஏளனம் செய்வதில்லை.

சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அவருடைய பெண், பன்னிரண்டு வயது, டிரினிட்டி சங்கீதப் பரீட்சைக்குச் சாதகம் செய்துகொண்டிருந்தாள். ஆர்வத்தால் என் கையையும் வைத்துப் பார்த்தேன். மேல் ரிஷபம்வரை போயிற்று. காந்தாரத்தைச் சுண்டுவிரல் நகம் உரசியது, கட்டை அசையவில்லை. “மாமா, விரலைத் தூக்காதீங்க, சாய்ங்க” என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய கை மேல் ஷட்ஜத்தைத் தொடுவதற்கே முழுதும் விரிந்தது. எதிரே திறந்திருந்த புத்தகத்தில் இடக்கைக்கு ஓர் அகன்ற கூட்டு இருந்தது. அதன் பக்கத்தில், அச்சில் இல்லாத ஒரு நெளிகோட்டை அவளுடைய ஆசிரியை பென்சிலால் போட்டுக்கொடுத்திருந்தார்.